இடைவெளி இல்லாத விறகு

ராஜாவுக்கு வந்த கோபமெல்லாம் மறுநாளே சட்டமாகிவிடுகிற காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ராஜ்யம் ஒன்றில் அம்பலவாணர் என்பவர் பண்டகசாலை அதிகாரியாக இருந்தார். அரண்மனைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு எல்லாம் அவர் பொறுப்பு. கை சுத்தமான மனிதர். ஒரு பிடி உப்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவருக்கு இருந்த ஒரே நோய் வயிற்றெரிச்சல்.

அந்த எரிச்சலுக்குக் காரணம் அரசவை விகடகவி கொழுந்தப்பன். நேரத்துக்கு வரமாட்டான், தலைப்பாகையை ஒழுங்காகக் கட்டமாட்டான். ஆனால் சபைக்குள் நுழைந்ததும் ராஜா முதலில் தேடுவது அவனைத்தான். அம்பலவாணர் விடியற்காலையில் எழுந்து மூட்டை மூட்டையாக நெல் அளந்து வாங்கிவிட்டு வந்து நிற்பார். ராஜா "ம்" என்பார். கொழுந்தப்பன் ஒரு கொட்டாவி விடுவான். ராஜா வயிறு குலுங்கச் சிரிப்பார். "கொட்டாவியில் என்ன சிரிப்பு இருக்கிறது?" என்று அம்பலவாணர் தம் மனைவியிடம் கேட்டுக் கேட்டு, அந்த அம்மாள் இப்போதெல்லாம் பதிலே சொல்வதில்லை.

ஒரு மழைக்காலத்தில் ராஜா பல்லக்கில் கடைவீதி வழியே போனார். விறகுக்காரர்கள் விறகை அடுக்கி, முழக்கோலால் நீளமும் உயரமும் அளந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஓர் அடுக்கின் நடுவிலிருந்து பூனை ஒன்று தலையை நீட்டியது. அதன் பின்னால் குட்டிகள் வரிசையாக வெளியே வந்தன.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் குடிமக்கள் விறகுக்குக் காசு கொடுக்கிறார்களா, பூனை குடியிருக்கும் காற்றுக்குக் காசு கொடுக்கிறார்களா? இனி விறகில் இடைவெளி என்பதே கூடாது. இடைவெளி விட்டவன் எல்லைக்கு வெளியே போகட்டும்!"

கூட வந்த சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பலவாணருக்கு மட்டும் நெஞ்சுக்குள் விளக்கு ஏற்றி வைத்தது போல இருந்தது. முன்னால் வந்து வணங்கினார்.

"மகாராஜா, உன்னதமான உத்தரவு. ஆனால் ஜனங்களுக்கு அடுக்கிக் காட்ட ஒருவர் வேண்டாமா? அதற்குக் கொழுந்தப்பனைப் போல் புத்திக்கூர்மை உள்ளவர் வேறு யார் இருக்கிறார்கள்?"

"சரியாகச் சொன்னீர்! கொழுந்தப்பா, வருகிற அமாவாசையன்று அரண்மனை முற்றத்தில் அடுக்கிக் காட்டு. எறும்பு நுழைய இடம் இருந்தாலும் நீ சபையை விட்டுப் போய்விட வேண்டியதுதான்."

கொழுந்தப்பன் தலையைச் சொறிந்தான். "சித்தம், மகாராஜா. ஒரு சந்தேகம். இந்த உத்தரவு கடைவீதி அடுக்குக்கு மட்டும்தானா?"

இவன் நழுவப் பார்க்கிறான் என்று அம்பலவாணருக்குத் தோன்றியது. அவசரமாகக் குறுக்கிட்டார். "இதில் என்ன சந்தேகம்? விறகு எங்கே இருந்தாலும் இடைவெளி கூடாது. மகாராஜாவின் எண்ணம் அதுதானே?"

"ஆமாம். எங்கே இருந்தாலும்!" என்றார் ராஜா. அந்த வார்த்தைகளையே அம்பலவாணர் ஊர் முழுக்கப் பறை அறைவித்தார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாளிலிருந்து விறகுக்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. காவலர்கள் சுமையை இறக்கவே விடவில்லை. காட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கும் செம்பாயி என்பவள் அழுதுகொண்டே அரண்மனை வாசலுக்கு வந்து கொழுந்தப்பனைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதைத் தூணுக்குப் பின்னால் நின்று அம்பலவாணர் ஒட்டுக்கேட்டார்.

"சாமி, கருவேலங்கொம்பு நெளிஞ்சு நெளிஞ்சுதான் வளருது. அதை இடுக்கு இல்லாம எப்படி அடுக்குவோம்? பூனை புகுற மாதிரி அடுக்குறவன் எவனோ ஒருத்தன். அவனுக்காக எங்க எல்லார் பொழைப்பும் போவுது. இப்ப நீங்க வேற அப்படி அடுக்கிக் காட்டிட்டீங்கன்னா, எங்களால முடியாதுன்னு சொல்லக்கூட வழி இல்லாமப் போயிடும்."

"அடுக்கத்தான் போகிறேன், தாயே. அமாவாசை மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கொள்" என்றான் கொழுந்தப்பன்.

அம்பலவாணர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோற்றால் சபையை விட்டுப் போவான். ஜெயித்தால் ஊர் வாயில் விழுவான். எப்படி ஆனாலும் சந்தோஷம்தான்.

அமாவாசை வந்தது. முற்றத்தில் ஒரு விறகு அடுக்கு நின்றது. தச்சர்களை வைத்து ஒவ்வொரு கட்டையையும் நான்கு பக்கமும் இழைத்து, செங்கல்லைப் போல் ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தான் கொழுந்தப்பன். அம்பலவாணர் கையில் ஈர்க்குச்சியோடு சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், மண்டியிட்டார், குத்திப் பார்த்தார். ஈர்க்குதான் ஒடிந்தது. கூடவே அவர் மனமும் ஒடிந்தது.

"பலே!" என்றார் ராஜா. "முடியாது என்றவர்கள் வந்து பார்க்கட்டும்!" வாசலில் நின்ற செம்பாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்தப் பாராட்டையும் அவனே வாங்கிவிட்டானே என்று அம்பலவாணர் ஒடிந்த ஈர்க்கைத் தூர எறிந்தார்.

ராஜா முன்னோர்களுக்குத் தர்ப்பணம் முடித்து, காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் அமாவாசையன்று சாப்பிடுவார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. உச்சிப்பொழுது வந்தது. சோறு வரவில்லை. காக்கைகள் மதிலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ராஜா, தாமே மடைப்பள்ளிக்கு நடந்தார். சபை பின்னாலேயே ஓடியது.

உள்ளே ஒரே புகை. சமையற்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வோர் அடுப்பிலும் இழைத்த கட்டைகள் இடுக்கு இல்லாமல் அடைத்திருந்தன. கொழுந்தப்பன் ஊதுகுழலால் ஊதி ஊதிக் களைத்துப்போய்க் கிடந்தான்.

"என்னடா இது? அடுப்பை இப்படி அடைத்தால் தீ எப்படிப் பிடிக்கும்? இரண்டு கட்டையை வெளியே உருவு!"

"உருவினால் இடைவெளி வந்துவிடுமே, மகாராஜா. விறகு எங்கே இருந்தாலும் கூடாது என்று உத்தரவு. அடியேன் எல்லைக்கு வெளியே போகத் தயாராக இல்லை. விறகெல்லாம் அதிகாரி ஐயாவின் பொறுப்பு. அவர் வேண்டுமானால் உருவட்டும்."

எல்லோரும் அம்பலவாணரைப் பார்த்தார்கள். அவர் கை அடுப்பை நோக்கி நீண்டது, பாதியில் நின்றது. 'எங்கே இருந்தாலும்' என்று தாம் எடுத்துக் கொடுத்த வார்த்தை அவர் காதிலேயே பறையாக அடித்தது. கையை மடக்கி அங்கவஸ்திரத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"ஊரிலும் இதே கதைதான், மகாராஜா. பயந்துபோய் இன்று ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை" என்றான் கொழுந்தப்பன் மெதுவாக.

ராஜா அடுப்புக்கு அருகே போனார். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். தம் கையாலேயே இரண்டு கட்டைகளை உருவிப் போட்டு, ஊதுகுழலை வாங்கி ஊதினார். தீ குப்பென்று பிடித்தது.

"இடைவெளி விட்டுவிட்டேன். எல்லைக்கு வெளியே யார் போவது? நானா?" என்றார், மீசையெல்லாம் சாம்பலோடு.

"மகாராஜா ஏன் போக வேண்டும்? உத்தரவை அனுப்பிவிடலாம். பறையடிப்பவனே கொண்டுபோய் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரட்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன.

"சரி, பூனைக்கு என்ன வழி?" என்று கேட்டார் சிரிப்பு அடங்கியதும்.

"அடுக்குவது விற்பவர் கை, மகாராஜா. சந்தேகம் இருந்தால், அதே இடத்தில் பிரித்து அடுக்குவது வாங்குபவர் கை. அளவு குறைந்தால் விற்பவர் நிரப்பித் தர வேண்டும். வேறு சட்டமே வேண்டாம். மேற்பார்வைக்கு அதிகாரி ஐயாவை விடக் கை சுத்தமானவர் இந்த ராஜ்யத்தில் கிடையாது."

கூட்டத்தோடு வந்து மடைப்பள்ளி வாசலில் நின்ற செம்பாயி கையெடுத்துக் கும்பிட்டாள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பன் கழுத்தில் போட்டார். கடைவீதி மேற்பார்வையின் முத்திரை மோதிரத்தை அம்பலவாணரிடம் கொடுத்தார்.

பல நாளாக அவர் ஆசைப்பட்ட பதவி. அது அவன் வாயால் வந்ததே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நன்றி சொல்லவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

சோறு வெந்ததும் ராஜா எல்லோரையும் தம்மோடு பந்தியில் உட்காரச் சொன்னார். கொழுந்தப்பனுக்குப் பக்கத்து இலைதான் அம்பலவாணருக்கு வாய்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டே சாப்பிட்டார். ஆனால் பசி பொல்லாதது. கொழுந்தப்பன் தன் பக்கம் இருந்த நெய்க்கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளியபோது, வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.