கவிழ்த்தால் விழும் ஜெல்

பேராசிரியர் சங்கரபாண்டியனுக்கு வயது ஐம்பத்தாறு. ஆய்வகத்தில் அவருக்குச் செல் பிரிக்கும் ஜெல் காய்ச்சக் கற்றுக்கொடுத்த ஜுலைகாவுக்கு முப்பது. முதல் நாளே அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டார். அவள் எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

பதினோரு வருஷம் காத்திருந்து, விண்வெளி நிலையத்தில் ஒரு சின்னப் பெட்டி வைக்க அவருக்கு இடம் கிடைத்திருந்தது. கணையத்துச் செல்களில் இன்சுலின் சுரப்பவற்றை மட்டும் சிதையாமல் பிரித்தெடுக்க வேண்டும். ஜெல்லுக்குள் மின்சாரம் விட்டால் ஒவ்வொரு வகைச் செல்லும் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்து தனித்தனியாகிவிடும். ஜெல்லை அங்கே போய்த்தான் உறைய வைப்பார்கள். தூள் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று நாளை நண்பகலுக்குள் இவர் எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்த அளவில்தான் மனிதர் மாட்டிக்கொண்டு முழித்தார். ஜெல் உறைந்ததும் குழாயைக் கவிழ்த்துப் பார்ப்பது அவருடைய கல்லூரிக் காலத்துப் பழக்கம். கவிழ்த்தார், விழுந்தது. ஒரு சிட்டிகை தூள் கூட்டினார். மறுபடி விழுந்தது. ஒன்பதாவது ஜெல் விழவில்லை. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் மின்சாரம் விட்டதும் செல்கள் புறப்பட்ட இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டன.

"டீச்சர், கெட்டியாக்கினா செல்லுக்கு வழி இல்ல. இளக்கினா ஜெல் நிக்க மாட்டேங்குது. நான் என்னதான் செய்ய?"

ஜுலைகா, அவர் ஒதுக்கிய முதல் ஜெல்லின் அளவிலேயே இரண்டு கிண்ணங்களில் உறைய வைத்தாள். ஒன்றை மேசைமேல் கவிழ்த்தாள். அது கூழாகப் பரவி ஓடியது.

"நோன்புக்கு இப்படிக் கடல்பாசி இனிப்பு காய்ச்சினா எங்க மாமி வீட்ட விட்டே துரத்திருவாங்க" என்று சிரித்தாள்.

அடுத்த கிண்ணத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் கவிழ்த்து, கிண்ணத்தை மட்டும் மெல்ல உருவினாள். ஜெல் கிண்ணத்தின் வடிவிலேயே இருந்தது. விளிம்புகூடக் கலையவில்லை.

"அட! அதே ஜெல்லா டீச்சர்?"

"நீங்க கழிச்சுப் போட்ட அதே ஜெல்தான் சார்."

"தண்ணி தாங்குது, அதான்."

"ஆமா. இங்க அதோட எடையத் தண்ணி தாங்குது. அங்க தாங்குறதுக்கு எடையே இல்லையே."

சங்கரபாண்டியன் வாய்விட்டுச் சிரித்தார். தூளைக் கொட்டிக் கொட்டிக் கெடுத்த எட்டு ஜெல்லை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. பேனாவைத் திறந்து முதல் அளவை எழுதப் போனார். கை பாதியில் நின்றது. இருப்பது ஒரே பெட்டி. இன்னொரு வாய்ப்பு வருவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார். 

"எல்லாம் சரி டீச்சர். ஒருவேளை, அங்க போயும் விழுந்துட்டா?"

ஜுலைகா மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க சார் விழும்?"