ஊசி எட்டாத பக்கம்

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்கு ஊசி நூலின் மேல் ஆசை வந்தது. வீரகுணன் என்பது அவன் பெயர். காய்ச்சலில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் ஒரு தையற்காரரை வரவழைத்துத் தையல் கற்றுக்கொண்டான். உடம்பு தேறியதும் அடுத்த ஆசை பிறந்தது. வசந்த விழா விருந்துக்கு அவையோர் அனைவரும் தங்கள் உடையைத் தாங்களே தைத்து அணிந்து வரவேண்டும் என்றான்.

ஆணையை எழுதும் பொறுப்பு அமைச்சர் வேழவனாருடையது. அவையில் விகடம் பேசும் தத்தனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தாம் நாளெல்லாம் பேசியும் மசியாத அரசன், இவன் ஒரு வார்த்தை சொன்னால் சிரித்து மனம் மாறிவிடுகிறானே என்ற எரிச்சல். தத்தனின் மனைவி மருதி தையலில் கெட்டிக்காரி என்பது ஊரறிந்த சேதி. ஆகவே வேழவனார் ஆணையில் தாமாக ஒரு வரி சேர்த்தார். விருந்து மண்டபத்தின் வாசலைக் கடக்கும்போது எவர் உடையில் பிறர் போட்ட தையல் இருக்கிறதோ, அவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். அரசன் யோசிக்காமல் முத்திரை வைத்தான்.

முரசறைந்து சொன்னதைக் கேட்டதுமே அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று தத்தனுக்குப் புரிந்துவிட்டது. மருதியை ஊசியைத் தொடவே அவன் விடவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, விரலெல்லாம் குத்துப்பட்டு, ஒரு நீல அங்கியைத் தைத்து முடித்தான். கோணல்மாணல்தான், ஆனாலும் அங்கி. விழா அன்று மருதி அதற்குக் கஞ்சி போட்டுக் கொல்லைக் கொடியில் காயவைத்தாள். உடுத்திக்கொள்ளலாம் என்று போய்ப் பார்த்தபோது கொடி வெறுமையாக இருந்தது.

வீட்டிலிருந்த மற்ற சட்டைகள் எல்லாம் மருதி தைத்தவை. தைக்காத துணியைப் போர்த்திக்கொண்டு போனால் ஆணையை மீறியதாகும், போகாமலிருந்தாலும் அப்படியே. அதற்குள் அரண்மனைப் பக்கம் முதல் முரசு கேட்டது. மருதி பெட்டியைக் கவிழ்த்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தாள்.

"ஒரு பக்கம் நான் தைச்சுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"உன் தையல் அமைச்சருக்குத் தெரியும். நீ ஒரு இழை போட்டாலும் நாளைக்கு நமக்கு இந்த ஊர் இல்லை."

துணியின் நடுவே கிழித்துத் தலையை நுழைத்துக்கொண்டு, ஊசியோடு மாட்டுவண்டியில் தாவி ஏறினான் தத்தன். வண்டி குலுங்கக் குலுங்க, உடம்பில் இருந்தபடியே இடப்பக்கத்தை மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை தைத்தான். அவசரத்தில் வேட்டியும் சேர்ந்து தைபட்டது. வலப்பக்கத்துக்கு வந்தபோது வலக்கையால் எட்டவில்லை. இடக்கைக்கு ஊசி வசப்படவில்லை. அரண்மனை வாசலில் வண்டி நின்றது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்தான்.

மண்டபத்தில் எல்லோர் உடையும் வார்த்தெடுத்ததுபோல் கச்சிதமாக இருந்தது. அரசனின் அங்கி மட்டும் ஒரு தோளில் தூக்கிக்கொண்டு நின்றது. தத்தன் உடையோடு நுழைந்ததைக் கண்ட வேழவனாரின் முகம் கறுத்தது. ஆனாலும் எழுந்தார்.

"அரசே, தத்தனின் இல்லாள் தையலில் வல்லவர். இதை அவர் தைக்கவில்லை என்பதற்குச் சாட்சி உண்டா?"

அரசன் தத்தனைப் பார்த்த பார்வையில் சிரிப்பில்லை. தத்தன் வலக்கையை உயர்த்தினான். துணி அக்குளிலிருந்து இடுப்புவரை திறந்து விலா தெரிந்தது.

"அரசே, என் வலக்கை எட்டாத பக்கம் இது. வேறொரு கை உதவியிருந்தால் இப்படிக் காற்று வாங்கிக்கொண்டு தங்கள் முன் நிற்பேனா?"

முதலில் தைத்த அங்கி அன்று காணாமற்போனதையும் சொன்னான். எவர் பெயரையும் சொல்லவில்லை. பிறகு ஊசியையும் நூலையும் இரு கைகளாலும் ஏந்தி அமைச்சரிடம் நீட்டினான். இவ்வளவு நேர்த்தியாகத் தம் உடையைத் தைத்தவர் இந்தப் பக்கத்தையும் தைத்துத் தந்தால் தன் மானம் பிழைக்கும் என்றான்.

"பிறர் தையல் கூடாது என்பது ஆணை" என்றார் வேழவனார்.

"வாசலைக் கடக்கும்போது கூடாது என்பதே தாங்கள் எழுதியது. நான் கடந்துவிட்டேன்."

அரசன் தலையசைத்தான். வேழவனார் ஊசியை வாங்கி, நூலை அதன் காதில் கோக்கப் பார்த்தார். நூல் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. நாக்கில் நனைத்துப் பார்த்தார். நெற்றி வியர்த்துச் சொட்டியது. சுற்றியிருந்த பிரபுக்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கைகளை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அடுத்து ஊசி தன்னிடம் வந்துவிடுமோ என்ற பயம். அரசன் அதைப் பார்த்துவிட்டான். அவன் தாடை இறுகியது.

"இங்கே எத்தனை பேர் என்னை ஏய்த்தீர்கள்?" என்றான்.

ஆணைப்படி அத்தனை குடும்பங்களும் நாட்டைவிட்டுப் போகவேண்டும். வேழவனாரின் கையிலிருந்து ஊசி விழுந்த சத்தம்கூடக் கேட்டது. இந்த அளவுக்குப் போகும் என்று தத்தனே நினைக்கவில்லை.

"அரசே," என்றான் மெல்ல, "அனைவரையும் அனுப்பிவிட்டால் உள்ளே சமைத்திருக்கும் அண்டா அண்டாவான பாயசத்தை நாம் இருவரே குடித்துத் தீர்க்கவேண்டும். எனக்கு இடப்பக்கம் தையல் இறுக்கம். வயிற்றில் அதிகம் இடமில்லை."

அரசனின் உதடு துடித்தது, வெடித்துச் சிரித்தான். நாடு கடத்தலை ரத்து செய்தான். அமைச்சரும் பிரபுக்களும் தையற்காரர் தெருவில் உட்கார்ந்து தொழில் கற்று, தங்கள் கையால் ஆளுக்கோர் அங்கி தைத்துக்கொண்டுதான் இனி அவைக்கு வரவேண்டும் என்றான். தன் முத்துமாலையைக் கழற்றித் தத்தன் கழுத்தில் போட்டான்.

கீழே கிடந்த ஊசியை எடுத்துத் தானே நூல் கோத்தான். தத்தனை அரியணையில் தன் பக்கத்தில் அமர்த்தி, திறந்து கிடந்த பக்கத்தைக் குனிந்து குனிந்து தைத்தான். முடிச்சுப் போட்டுவிட்டுப் பெருமையோடு எழப் பார்த்தவனை ஏதோ பிடித்து இழுத்தது. தன் அங்கியின் இடக்கையையும் தத்தனோடு சேர்த்துத் தைத்திருந்தான்.

வேலையாட்கள் கத்தரியோடு ஓடிவந்தார்கள். அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தபடி அவர்களைத் தடுத்து, இலையை இங்கேயே போடச் சொன்னான். அன்று தத்தன் அரியணையில் உட்கார்ந்தே விருந்து சாப்பிட்டான்.