மறுவீட்டுச் சொதியும் மூக்கு மருந்தும்

சேந்தன்குறிச்சியில் ஒரு சமையல் கோஷ்டி இருக்கிறது. அந்தப் பக்கம் ஏதாவது கல்யாணத்தில் நீங்கள் சாப்பிட்டிருந்தால் அவர்கள் சமையலைத்தான் சாப்பிட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகும் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குப் பெருமை.

தலைவர் ஆவுடையப்பன். அவருக்குக் கீழே மூன்று பேர். காய் நறுக்க மந்திரமூர்த்தி, தேங்காய்ப்பால் பிழிய உலகநாதன், அடுப்பைப் பார்த்துக்கொள்ளக் கோமதிநாயகம். தலைவர் சொன்னால் மூவரும் அதை அப்படியே செய்வார்கள். ஒருமுறை அவர் கோமதிநாயகத்திடம், "லே, பால்மேல இருந்து கண்ண எடுக்காத" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது பால் முழுக்க அடுப்புக்குள் இருந்தது. கோமதிநாயகம் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொங்குனத ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்தேன் அண்ணாச்சி. ஒரு சொட்டுகூட என் கண்ணுக்குத் தப்பல."

ஆவுடையப்பன் அவனைத் திட்டவில்லை. சொன்னதைச் செய்தவனை எதற்காகத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். தலைவர் என்பதால் கொஞ்சம் கூடுதலாக.

அந்தக் கோஷ்டிக்கு இரண்டு முறைகள் உண்டு. பிள்ளையாருக்கு இலை போடும் வரை சமைத்த எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது, வைத்தால் எச்சில். பந்தி எல்லாம் முடிந்த பிறகுதான் சமையல்காரன் சாப்பிட வேண்டும். அப்படியானால் உப்பு பார்ப்பது எப்படி? ஆவுடையப்பன் சட்டிமேல் குனிந்து ஆவியை முகர்வார். "இன்னும் ஒரு கை" என்பார், அல்லது "போதும்" என்பார். உப்புக்கு வாசனை உண்டா என்று கேட்காதீர்கள். நானும் பலமுறை முகர்ந்து பார்த்துவிட்டேன், எனக்கு எட்டவில்லை. அவருக்கு எட்டியது. உப்பு ஒருநாளும் கூடினதில்லை, குறைந்ததில்லை.

இந்த நிலையில் ஆவுடையப்பனின் மகள் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு போடுவார்கள். அதில் சொதி இல்லாமல் முடியாது. தேங்காய்ப்பாலில் காய்கறி, பாசிப்பருப்பு, இஞ்சி எல்லாம் சேர்த்து வைக்கும் குழம்பு அது.

மாப்பிள்ளையின் அப்பா பூதலிங்கம் எந்த விருந்திலும் நன்றாக இருந்தது என்று சொன்னதாக வரலாறு இல்லை. பேசினால் மூக்குக்குள் யாரோ கதவைச் சாத்தி வைத்ததுபோல் இருக்கும். நிச்சயதார்த்தத்தன்றே அவர் சொல்லிவிட்டார்.

"சொதிய நீரே வையும் வே. ஊருல எவன் வச்சாலும் ஒரு குணமும் இல்ல, மணமும் இல்ல. உம்ம சொதியும் அப்படித்தான் இருந்துதுன்னா நான் சபையிலயே சொல்லிப்புடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

சொல்கிற மனுஷன்தான். ஒருமுறை சொன்னால் ஒவ்வொரு விசேஷத்திலும் திரும்பச் சொல்வார். அதையெல்லாம் அந்த வீட்டில் உட்கார்ந்து கேட்கப்போகிறவள் வடிவு.

அதே சமயத்தில்தான் ஆவுடையப்பனுக்கு உடம்பு தளர்ந்தது. கால் மரத்துப் போனது, எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் சட்டி முன்னால் வெகுநேரம் நின்று, "இது என்னது லே?" என்று கேட்டார்.

"கரண்டி அண்ணாச்சி" என்றான் மந்திரமூர்த்தி.

"கரண்டி தெரியும். சட்டிக்குள்ள?"

"அதுக்குள்ளயும் ஒரு கரண்டி கிடக்கு அண்ணாச்சி."

மூவரும் அவரை டவுனுக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு வைட்டமின் பி பன்னிரண்டு மிகவும் குறைவு என்றார். மாத்திரை கொடுத்தால் இவர் வயிறு அதை இழுத்துக்கொள்ளாதாம். ஊசி என்ற பேச்சைக் கேட்டதுமே ஆவுடையப்பன் வாசல்வரை போய்விட்டார். கடைசியில் டாக்டரம்மா மூக்கில் அடிக்கிற ஸ்பிரே ஒன்றை எடுத்து வைத்தார்.

"சத்து வாய் வழியாத்தான் உள்ள போகணும்னு இல்லைங்க. நாக்குக்கு அடியில வச்சா போகும், மூக்குல அடிச்சா போகும், சில மருந்து தோல்ல ஒட்டினாலே போகும். எந்த வழியா போனாலும் உள்ள போய் ரத்தத்துல சேர்ந்துடும். வாரத்துக்கு ஒரு தடவை அடிங்க. அடிச்சு ஒரு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் சாப்பிட வேண்டாம்."

டாக்டரம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கேட்டவர்கள்தான் அதை பஸ்ஸில் வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

முதலில் மந்திரமூர்த்திதான் பேசினான். "அண்ணாச்சி, மூக்கு வழியா போனாலும் சாப்பாடுதான்னு டாக்டரம்மா சொல்லுதாகள்லா?"

"ஆமா."

"அப்போ நீங்க இத்தனை வருஷமா சட்டிமேல குனிஞ்சு மோந்தது?"

ஆவுடையப்பன் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாப்புட்டிருக்கேன் லே" என்றார். "பிள்ளையாருக்கு முன்னாலயே சாப்புட்டிருக்கேன். அவருக்கு இன்னைய வரைக்கும் எச்சிலத்தான் படைச்சிருக்கேன்."

"தெரியாமச் செஞ்சதுதான அண்ணாச்சி" என்றான் மந்திரமூர்த்தி.

உலகநாதன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். "தோல் வழியாவும் போகும்னாகளே. அப்போ நான் தேங்காப்பால் பிழிஞ்சது?"

"நீ சின்ன வயசுல இருந்து தேங்காப்பால கையால குடிச்சுக்கிட்டு இருக்க" என்றான் கோமதிநாயகம்.

"அதான் வே. ஒருவேளை மட்டும் சாப்புட்டும் எனக்கு உடம்பு இறங்கவே மாட்டேங்குது."

யோசித்துப் பார்த்தால் இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

ஊருக்குள் இறங்கியதும் நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு மருந்தை எடுத்தார்கள். எதுவானாலும் முதல் பங்கு பிள்ளையாருக்கு. அவருக்கோ மூக்கே பிரதானம். துதிக்கையின் நுனியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று அடித்தார்கள்.

"மூக்கு நீளமா இருக்கு. உள்ள போய்ச் சேரவேண்டாமா?" என்று கோமதிநாயகம் இன்னும் ஒன்று அடித்தான்.

"இப்போ அண்ணாச்சி நீங்க" என்று மந்திரமூர்த்தி நீட்டினான்.

ஆவுடையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது சாப்பாடா, மருந்தா?"

"மூக்கு வழியா போற சாப்பாடு."

"அப்போ சமையல்காரன் எப்போ சாப்புடணும்?"

"பந்தி முடிஞ்சு, கடைசியில."

"வடிவு கல்யாணம் வருது. மறுவீட்டுப் பந்தி முடியட்டும், நான் எடுத்துக்கிடுதேன். முறைன்னா முறைதான்."

அவர் சொன்னது சரியாக இருந்ததால் மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டில் ஆவுடையப்பனின் மனைவி செண்பகம் கேட்டாள். "மருந்து அடிச்சாச்சா?"

"மொதல் பங்கு அடிச்சாச்சு மதினி" என்றான் கோமதிநாயகம். அது உண்மைதான்.

"அப்போ ஏன் இவுக இன்னும் சுவரப் புடிச்சுக்கிட்டே நடக்காக?"

"மருந்து போய்ச் சேரணும்லா மதினி. மூக்கு ரொம்ப நீளம்."

செண்பகம் புருஷனின் மூக்கை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணம் முடிந்தது. மறுவீட்டன்று காலையில் ஆவுடையப்பனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துச் சமையல் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். சட்டியின் ஆவி உள்ளே போய்விடக் கூடாது என்று அவர் மூக்கைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். உலகநாதன் இரண்டு கைகளிலும் பாலிதீன் பையை மாட்டி, மணிக்கட்டில் சணல் சுற்றித் தேங்காய்ப்பால் பிழிந்தான். பாதிப் பால் பைக்குள்ளேயே தங்கியது. அதற்குத் தாகம் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வடிவு எட்டிப் பார்த்தாள். "அப்பா, மாமா காலையிலேயே சொல்லிட்டாக. சொதி நல்லா இல்லன்னா எழுந்திரிச்சுச் சொல்லுவாகளாம். ஏன்பா மூக்கக் கட்டியிருக்கிய?"

"நீ போம்மா. எல்லாம் முறையா நடக்கு" என்றார் ஆவுடையப்பன் துண்டுக்குள்ளிருந்து.

சொதி கொதித்தது. உப்பு போடும் நேரம் வந்தது. வாயில் வைக்கக் கூடாது. முகரக் கூடாது. தொடக் கூடாது. அளவோ அவர்களில் யாருக்கும் தெரியாது. எந்நாளும் அண்ணாச்சியின் மூக்குதான் அளவு.

"டாக்டரம்மா எந்தெந்த வழிய சொன்னாக?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"நாக்கு, மூக்கு, தோல்."

"காது?"

மூவரும் யோசித்தார்கள். காதைப் பற்றி டாக்டரம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கோமதிநாயகம் சட்டியோரம் குனிந்து காதை வைத்தான். மற்றவர்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

"என்ன சொல்லுது?"

"கொதிக்கேன்னு சொல்லுது."

"உப்பு?"

அவன் மறு காதையும் வைத்துக் கேட்டான். "அதப் பத்திப் பேச்சே இல்ல அண்ணாச்சி."

"வேணும்னா கேட்டிருக்கும்" என்றான் உலகநாதன். "கேக்காததுக்கு நாமளா ஏன் போய்க் குடுக்கணும்?"

அப்படியாகச் சொதி உப்பில்லாமல் இறங்கியது. பிள்ளையாருக்கு இலை போட்டார்கள். அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சிக்கு என்று ஒரு தூக்குவாளியில் எடுத்து அடுப்போரம் சூடாக வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

பூதலிங்கம் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். பக்கத்து இலைக்காரரைப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு இல்ல" என்றார் பூதலிங்கம். குரல் மூக்கில் முட்டி நின்றது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழ ஆரம்பித்தார். கதவோரம் நின்ற வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

சமையல் கூடத்தில் ஆவுடையப்பன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார், கால் நிற்கவில்லை, உட்கார்ந்தார். "லே, சபையில சொல்லப்போறாரு. எம் பிள்ள மானம் போகுது. ஏதாச்சும் செய்யுங்க."

"உப்பக் கொண்டுபோய்ச் சொதியில கலக்கிருவோமா?" என்றான் உலகநாதன்.

"சொதி அவுக வாய்க்குள்ள போயாச்சு வே. இனி எப்படிக் கலக்க?" என்றான் கோமதிநாயகம்.

மந்திரமூர்த்தியின் முகம் தெளிந்தது. "எந்த வழியா போனாலும் உள்ள போய்ச் சேந்திரும்னாகள்லா? சொதி வாய் வழியா போயிருச்சு. உப்ப மூக்கு வழியா அனுப்பிருவோம். உள்ள போய் ரெண்டும் சேந்துக்கிடும்."

இதைவிட நேரான வழி யாருக்கும் தோன்றவில்லை. ஸ்பிரே பாட்டிலைத் திறந்து மருந்தை வேறிடத்தில் ஊற்றிவிட்டு, உப்புத் தண்ணீர் நிரப்பினார்கள். மந்திரமூர்த்தி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு ஓடினான். பூதலிங்கம் நிமிர்ந்து சபையைப் பார்த்து வாயைத் திறந்த நேரம், "உப்பு கேட்டியளே மாமா" என்று மரியாதையாகச் சொல்லி, அவர் மூக்கில் இரண்டு பக்கமும் அடித்தான்.

பூதலிங்கம் தும்மினார். இலைக்கு முன்னாலிருந்த டம்ளர் உருண்டது. மீண்டும் தும்மினார். ஜன்னலில் இருந்த காக்கா பறந்தது. மூன்றாவது தும்மலில் மூக்குக்குள் இத்தனை காலமாகச் சாத்திக் கிடந்த கதவு திறந்துகொண்டது.

அவர் அப்படியே நின்றார். மூச்சை இழுத்தார். இஞ்சி வந்தது. பூண்டு வந்தது. தேங்காய்ப்பால் வந்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

"வே" என்றார். குரல் கணீரென்று இருந்தது. அவருடைய மனைவிக்கே யார் பேசுவது என்று தெரியவில்லை. "என்ன மணம் வே இது. இப்படி ஒரு சொதிய நான் சின்னப் பிள்ளையில சாப்புட்டது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

மற்ற இலைக்காரர்களும் தங்களுக்கும் அந்த உப்பு வேண்டும் என்று கேட்டார்கள். மந்திரமூர்த்தி வரிசையாகப் பரிமாறினான். பந்தி முழுக்கத் தும்மியது, பந்தி முழுக்கச் சொதி கேட்டது. பூதலிங்கம் போகும்போது சபையில் எழுந்து நின்று, சொதி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வடிவு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமனார் கேட்ட வெற்றிலையை எடுக்க ஓடினாள்.

எல்லோரும் போன பிறகு செண்பகம் சமையல் கூடத்துக்கு வந்தாள். "பந்தி முடிஞ்சுது. இப்பவாவது மருந்த அடிங்க. எங்க அது?"

மந்திரமூர்த்தி தூக்குவாளியைக் காட்டினான். "அண்ணாச்சிக்கு எடுத்து வச்ச சொதியில ஊத்தியாச்சு மதினி. வீணாக்கக் கூடாதுல்லா."

"கூறுகெட்டவனே, இவுகளுக்கு வாய் வழியா சாப்புட்டா ஒட்டாதுன்னுதான மூக்குக்குக் குடுத்தாக."

"அது எங்களுக்குத் தெரியும் மதினி. அண்ணாச்சி சொதிய மூக்கால சாப்புடுவாரு."

ஆவுடையப்பன் மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்தார். இலையைப் போடச் சொல்லிச் சொதியை ஊற்றிக்கொண்டார். மெல்லக் குனிந்தார். மூக்கு இலைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்ததும் நின்றார்.

"சூடா இருக்கு லே. சூடு ஆகாதுன்னாகளே டாக்டரம்மா."

"ஆறட்டும் அண்ணாச்சி" என்றான் உலகநாதன்.

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டு, டவுனில் வேறு மருந்து வாங்கி வரப் பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனாள். நால்வரும் இலையைச் சுற்றி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகம் மட்டும் அவ்வப்போது குனிந்து, சொதியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னும் ஆறலைன்னு சொல்லுது அண்ணாச்சி."