புறப்படும் நாள்

மடத்து விடுதியில் அறை பதிவு செய்யும் கணினி மருதையாவின் பொறுப்பு. தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் தட்டச்சு செய்த கை அவருடையது. அவர் விரல்களுக்குத் தனி மூளை என்று அங்கே கேலி செய்வார்கள். நாலு வருடம் முன்பு மனைவி செண்பகம் இறந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தவர். இந்த வெள்ளிக்கிழமை அவருக்குக் காவி. பழைய உறவு எதுவும் ஒட்டாதவருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள்.

புதன்கிழமை காலை, மருதையா பேயறைந்தவர் போலத் தவமணி அம்மையின் முன்னால் வந்து நின்றார். அம்மை அவருக்குக் குரு. வயதில் இருபது வருடம் இளையவர்.

“அம்மா, பேர்க் கட்டத்துல ‘செ’ன்னு அடிச்சாலே செண்பகம் பேரு வந்து நிக்குது.”

“அழிச்சுடலாமே, ஐயா.”

“காவிக்கு நாள் குறிச்சதுல இருந்து தினம் அழிக்கிறேன். எல்லாப் பேரும் போயிடுது. மறுநாள் அவ பேரு மட்டும் திரும்ப வருது. பயமா இருக்கும்மா.”

அம்மை எழுந்து அவரோடு வந்தார். கணினி சேமித்து வைத்திருந்த பெயர்களை மருதையா மொத்தமாக அழித்துக் காட்டினார். ‘செ’ என்று அடித்தார். கட்டத்துக்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

“இதுக்கு ஒரு பேரு எப்படித் தெரியும்?” என்று அம்மை கேட்டார்.

“யாராவது அடிச்சு அனுப்பினா ஞாபகம் வெச்சுக்கும்.”

“இதுல யாரெல்லாம் அடிக்கிறாங்க?”

“நான் மட்டும்தான்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் அறை கேட்டு வந்தது. “ஆறு அறையும் நிரம்பிடுச்சு” என்றார் மருதையா, வழக்கம்போல.

“ஆறாம் நம்பர்ல யாரையும் நான் பார்த்ததே இல்லையே. அங்கே யாரு?” என்றார் அம்மை.

மருதையா பதிவைத் திறந்தார். செண்பகம். நேற்றும் செண்பகம், அதற்கு முந்தின நாளும் செண்பகம். நாலு வருடமாகத் தினம் ஒரு பதிவு. வந்த நாள் எல்லாவற்றிலும் இருந்தது. புறப்படும் நாள் ஒன்றில்கூட இல்லை.

“சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லம்மா.”

“சாவி எங்கே?”

சாவிப் பலகையில் ஆறாம் எண் ஆணி காலியாக இருந்தது. மேசை இழுப்பறையெல்லாம் துழாவினார். அம்மை அவருடைய இடுப்பைக் காட்டினார். வேட்டி மடிப்பில் சாவி இருந்தது, உடம்புச் சூட்டோடு.

கதவைத் திறந்தார்கள். உள்ளே நல்ல வெளிச்சம். படுக்கை விரித்திருந்தது. தலையணை மேல் செண்பகத்தின் சீப்பு. வீடு காலி செய்தபோது தொலைந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்த சீப்பு அது. முக்காலியில் ஒரு செம்பு, மேலே தட்டு. வீட்டில் அவளுக்கு அவர் அப்படித்தான் மூடி வைப்பார்.

அம்மை தட்டை எடுத்துக் காட்டினார். தண்ணீர் பாதி குறைந்திருந்தது.

மருதையாவுக்கு அழுகை வந்தது. பாதி பயம், மீதியை ஆசை என்றுதான் சொல்ல வேண்டும்.

“இப்பவே போய் எல்லாப் பதிவையும் அழிச்சுடறேம்மா.”

அம்மை செம்பை மறுபடி மூடி வைத்தார். சத்தம் வராமல் நடந்து வாசலுக்கு வந்து, கதவில் கை வைத்தார்.

“அழிச்சது போதும், ஐயா. எப்போ புறப்படறாங்கன்னு நீங்க ஒரு நாளும் கேட்கல. கேட்டுட்டு வாங்க. நான் வெளியில நிக்கிறேன்.”