தூம்புக்குள் சொல்லப்பட்ட பழம்

இந்தப் புதிரின் விடை ஒரு சத்தியத்தின் சொற்களில் இருக்கிறது. ஆகையால் அதைச் சிறுமிகள் சொன்னபடியே தருகிறேன். கேட்பவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு குளக்கரை ஊரில் தில்லை, பவளம், சௌந்தரம் என்று மூன்று தோழிகள். ஒரே மாங்காயை மாற்றி மாற்றிக் கடித்தவர்கள். ஒருநாள் ஐயனார் முன் கைமேல் கை வைத்து மூவரும் சொன்னார்கள்: "நம்மள்ல ஒருத்தி காய் சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரி. ஒருத்தி பழம் சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரி. மீறுனவளப் பெத்தவ செத்துப்போவா."

சுண்டுவிரலை நீட்டிக் காய் என்றால் பேச்சு முறிந்தது. இரு விரலால் தொட்டுப் பழம் என்றால் மீண்டும் கூடியது. சில ஊர்களில் முறிவுக்கு 'டூ' என்பார்கள். அதனால் புதிர் மாறாது.

முதற் காயைத் தில்லை சொன்னாள். தான் தடுக்கி விழுந்தபோது பவளம் சிரித்ததற்காக. பள்ளி மணி அடிக்கும்வரைதான். அதற்குள் பவளம் அவள் பின்னாலேயே சுற்றத் தொடங்கிவிட்டாள். தில்லை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த காய் சௌந்தரத்துக்கு, புது ரிப்பன் கட்டி வந்ததற்காக. அது மாலைவரை நீண்டது. அதற்கடுத்தது திருவிழாவையும் தாண்டி நீண்டது. சொல்பவள் எப்போதும் தில்லை. பவளமும் உடனே சுண்டுவிரலை நீட்டுவாள். அந்த விரல் தன் பக்கம் திரும்பவில்லை என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதலும் இருந்தது.

"என்ன சொன்னாலும் செய்யுதேன், பழம் விடுட்டி" என்று சௌந்தரம் ஒருநாள் தில்லையின் பின்னால் ஓடினாள்.

தில்லை அவள் பக்கம் திரும்பாமல், குளத்தைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னாள்: "தூம்புக்குள்ள போயி உக்காரு. நான் வந்து பழம் சொல்லுத வரைக்கும் வெளிய வரப்படாது."

தூம்பு என்பது, மடை திறந்தால் குளத்து நீர் பாயும் கல் சுரங்கம். சௌந்தரம் தவழ்ந்து உள்ளே போனாள். மற்ற இருவரும் வீடு திரும்பினார்கள்.

அவர்கள் தெருவில் நுழையும்போதே தமுக்குச் சத்தம் கேட்டது. பொழுது சாய்வதற்குள் மடை திறக்கப்போகிறார்கள்.

"தில்லை, ஓடிப் போயி அவளக் கூப்பிடு."

தில்லையின் முகம் வெளுத்தது. "நானா போகச் சொன்னேன்? அவளாத்தான போனா. எங்கய்யாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு. நீ அவகிட்டப் பேசின, உங்கம்மா கதி என்னாகும், யோசிச்சுக்கோ." கதவைச் சாத்திக்கொண்டாள்.

பவளத்தின் தாய் நிறைமாத கர்ப்பிணி. அன்று காலையிலிருந்தே வலி கண்டு படுத்திருந்தாள்.

பவளம் ஓடினாள். தூம்பின் வாயில் குனிந்து, வாய் திறக்காமல் கல்லைத் தட்டினாள். கையை நீட்டி இருட்டில் துழாவினாள். ஒரு குளிர்ந்த கை அகப்பட்டு, உருவிக்கொண்டு பின்வாங்கியது.

"பவளமா? தில்லை வரலியா? அவ பழம் சொல்லாம நான் வரமாட்டேன்."

மேலே மடைப்பலகை கிறீச்சிட்டது. பவளம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரு விரலை இருளுக்குள் நீட்டி, "பழம்" என்றாள்.

சௌந்தரம் வெளியே வந்து கரையேறியதும் தண்ணீர் தூம்பை நிறைத்துப் பாய்ந்தது. கரையில் தில்லை நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அது செல்லாது. காய் விட்டவ நான். நீ சத்தியத்த மீறிட்ட. வீட்டுல போயி உங்கம்மாவப் பாரு."

பவளத்தின் வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். உள்ளே அழுகைக் குரல் கேட்டது. அது பிறந்ததன் அழுகையா, இறந்ததற்கான அழுகையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. படியில் கால் வைக்க அஞ்சி நின்றாள்.

கேட்டவர் இப்போது சொல்லுங்கள்: சத்தியத்தை மீறியவள் யார்?

விடை: பவளம் மீறவில்லை. சத்தியம் "நம்மள்ல ஒருத்தி" என்றது. "தில்லை" என்று சொல்லவில்லை. ஆகவே பவளத்தின் பழம் மூவரின் பழம். அதைச் செல்லாது என்ற தில்லையே மீறியவள். தாய் இறந்ததாகச் சொல்லும் பாடம் ஒன்றும் உண்டு. அதை விலக்கினேன், ஏனெனில் அங்கே கேட்பவர் சொல்லை விட்டுவிட்டுச் சாவைக் கொண்டு தீர்ப்பளிக்கிறார். நான் கொண்ட பாடத்தில் உள்ளே அழுதது குழந்தை. ஆனால் பவளம் அதை எடுத்துக் கொஞ்சவில்லை என்று முடிகிறது. பழம் என்ற சொல்லை முதல் நாளே தான் சொல்லியிருக்கலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தூம்புக்குள் இருந்தவளும் "நம்மள்ல ஒருத்தி"தான். அவளுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.