கடைசிப் பாட்டுக்கு ஒரு குடும்பம்

தவளைக்குளத்துச் சுண்டெலி இசைக்குழுவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். சரி, சிரித்து முடித்துவிட்டேன். இப்போது கேளுங்கள்.

குழுவில் மொத்தம் நாலு பேர். தலைவர் குலசேகர அண்ணாச்சி, இருபது வருஷம் மாவு மில் நடத்தியவர். மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராமல் போய்விட்டது. இனி பாடகராவதுதான் வழி என்று ஆகிவிட்டார். ஆர்மோனியம் அவருடைய அண்ணன் பெண்சாதி செண்பகவடிவு மதினி. டோலக் பிச்சையா. கஞ்சிரா சூசைமுத்து. சூசைமுத்து ஆழமாக யோசிக்கிறவன், ஆகையால் அவன் தட்டு எப்போதும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விழும்.

குழந்தைகளுக்கும் அவர்களைக் கூட்டிவருகிற அப்பா அம்மாவுக்கும் பாட்டிலேயே நல்ல பழக்கம் சொல்லிக்கொடுப்பதுதான் இவர்கள் வேலை. பல் தேய்க்க ஒரு பாட்டு, ரோடு கடக்க ஒரு பாட்டு, வெண்டைக்காயைத் தட்டில் ஒதுக்கிவைக்காமல் தின்ன ஒரு பாட்டு. எந்தக் கட்சியும் கம்பெனியும் எங்களை வைத்து நடத்தவில்லை என்று ஊருக்குத் தெரியட்டுமென்று பேனரில் ‘சுயேச்சைக் குழு’ என்று எழுதிப் போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் சின்னம் என்ன என்று கேட்டார்கள். நாலு பேரும் ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து யோசித்து, கஞ்சிரா என்று முடிவுசெய்து, அதையும் பேனரில் எழுதிவைத்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு மனக்குறை. மூன்று வருஷத்தில் பதினொரு கச்சேரி நடந்துவிட்டது, ஒரு குடும்பம்கூடக் கடைசிப் பாட்டுவரைக்கும் உட்கார்ந்ததில்லை. அந்தக் கடைசிப் பாட்டு அண்ணாச்சியே கட்டிய பாட்டு, மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டே கட்டியது. பெற்ற பிள்ளை மாதிரி அதன்மேல் அவருக்குப் பாசம். இதுவரை அதை முழுசாகக் கேட்டது யார் என்றால், நாற்காலி அடுக்க வந்த ஆள் ஒருத்தர், வழி தவறி வந்த ஆடு ஒன்று. ஆடும் பாதியில் போய்விட்டது என்று பிச்சையா சொல்வான், அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆரம்பப் பள்ளி ரோஸ்லின் டீச்சரிடம் போய் யோசனை கேட்டார். டீச்சர் பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

“பிள்ளைங்ககிட்ட பாட்டுலகூடப் பொய் சொல்லக் கூடாது, அண்ணாச்சி. பாடுறதைச் செஞ்சு காட்டுங்க. அப்பத்தான் மனசுல நிக்கும்.”

அடுத்த கச்சேரியில் பல் தேய்க்கும் பாட்டு ஆரம்பித்ததும் நாலு பேரும் வாயில் பிரஷ்ஷை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்கள். பற்பசை நுரை தாடைவரைக்கும் வழிகிறது, பாட்டு எங்கிருந்து வரும்? ஒரு கையில் பிரஷ் இருப்பதால் டோலக்கும் ஒரு பக்கம்தான் பேசியது. ஐந்து நிமிஷம் கூடம் முழுக்கப் பல் தேய்க்கிற சத்தம் மட்டும். ஜனங்கள் மரியாதையாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அதற்கடுத்த கச்சேரி ஒரு கல்யாண மண்டபத்தில். ‘வண்டி வருதா பார், வலமும் இடமும் பார்’ என்று பாட வேண்டும். மண்டபத்துக்குள் ஏது வண்டி? வராத வண்டியை வருதா பார் என்று பிள்ளைகளிடம் சொல்வது பொய்யாகிவிடுமே என்று மதினி கவலைப்பட்டாள். பிச்சையா உடனே வெளியே போய்த் தன் மொபட்டை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக ஹாரன் அடித்தபடி உள்ளே வந்து, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இரண்டு தடவை சுற்றினான். அன்றைக்குத் தவளைக்குளத்துத் தாய்மார்கள் எல்லாரும் ரோடு கடப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். ஒரே நிமிஷத்தில் கடந்து வீட்டுக்கே போய்விட்டார்கள்.

அண்ணாச்சிக்கு மனசு விட்டுப்போயிற்று. கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கச்சேரி பாக்கி இருந்தது. அதிலும் ஒரு குடும்பம் கடைசிவரை உட்காரவில்லை என்றால், குழுவைக் கலைத்துவிட்டு மாவு மில்லுக்கே திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துபோனது. அவர் குரல் தாழ்ந்ததை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை, அதனால் மற்ற மூன்று பேரும் பயந்துபோய் அவரையும் உட்காரவைத்துக் கூட்டம் போட்டார்கள்.

“கடைசிப் பாட்டுன்னு ஒண்ணு இருக்கப் போய்த்தானே அதுக்கு முன்னாடி எழும்பிப் போறாவ?” என்று ஆரம்பித்தான் பிச்சையா. “அதை எடுத்துட்டா?”

“எடுத்துட்டா வெண்டைக்காய்ப் பாட்டு கடைசியாயிரும்லா,” என்றாள் மதினி.

“அதையும் எடுத்துருவோம்.”

“அப்ப ரோட்டுப் பாட்டு கடைசி.”

சூசைமுத்து வெகுநேரம் யோசித்தான். பிறகு சொன்னான்: “ஒரு பாட்டும் பாடாம உக்காந்திருந்தா ஒருத்தரும் எழும்பிப் போக மாட்டாவ.”

இது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. ஆனால் அண்ணாச்சி, என் பாட்டைக் கேட்கத்தானே இத்தனை பாடு, அதையே பாடாமல் எப்படி என்று கேட்டார். அதுவும் சரியாகப் பட்டது. ஒரு முடிவுக்கும் வராமல் கூட்டம் முடிந்தது. பல் தேய்க்கும் பாட்டில் இரண்டு பேர் தேய்க்க இரண்டு பேர் பாடலாம் என்று மட்டும் மதினி ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். அவர்கள் சரித்திரத்திலேயே அதுதான் பெரிய புத்திசாலித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒன்பது குடும்பங்கள் வந்திருந்தன. பல் பாட்டு முடிந்ததும் முதல் வரிசையில் ஒருவர் செருப்பைத் தேடினார். அந்த நேரம் பார்த்துப் பிடித்தது ஐயா மழை, வானமே பொத்துக்கொண்ட மாதிரி. செருப்பைத் தேடியவர் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் அசையவில்லை.

மழை பெய்தது அண்ணாச்சிக்குத் தெரியவே தெரியாது. மில்லில் பழகிய காதுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா? அவர் கண்டதெல்லாம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பாத ஒன்பது குடும்பங்கள். ரோட்டுப் பாட்டு முடிந்தது, இருந்தார்கள். வெண்டைக்காய்ப் பாட்டு முடிந்தது, இருந்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பாட்டை எடுத்தார்.

*போறேன்னு சொல்லாதே கண்ணு,*
*போயிட்டு வாரேன்னு சொல்லு;*
*சொன்ன சொல்லைக் காப்பாத்து கண்ணு,*
*சொந்தச் செருப்பைப் போட்டுச் செல்லு!*

பாட்டு நிஜமாகவே நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் தடவை பாடும்போது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். யாழினி என்று ஆறு வயசுக் குட்டி ஒன்று அண்ணாச்சிக்கே சவால் விடுகிற மாதிரிக் கத்திப் பாடியது. பாட்டு முடியவும் மழை விடவும் சரியாக இருந்தது. ஒன்பது குடும்பமும் ஒரே குரலில் “போயிட்டு வாரோம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனது.

அண்ணாச்சி அப்படியே மேடையில் உட்கார்ந்து, ஜெயிச்சுட்டோம் மதினி, ஜெயிச்சுட்டோம் என்று அழுதார். மதினியும் அழுதாள். அழுது முடித்து ஆர்மோனியத்தைப் பெட்டிக்குள் வைக்கப் போகும்போதுதான் சூசைமுத்து தன் வழக்கப்படி எல்லாருக்கும் பிந்தி ஒரு கேள்வி கேட்டான்.

“எங்க கிளம்புதீய, அண்ணாச்சி? அவங்க வாரோம்னு சொல்லிட்டுல்லா போயிருக்காவ?”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதானே. சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று சொல்லிக்கொடுத்ததே இவர்கள்தான். பிள்ளைகள் திரும்பி வந்து பார்க்கும்போது கூடம் காலியாக இருந்தால் பாட்டே பொய்யாகிவிடாதா? ரோஸ்லின் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது? பெட்டியைத் திறந்து ஆர்மோனியத்தை வெளியே எடுத்துவைத்துவிட்டு நாலு பேரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் கூடத்தைப் பூட்ட வந்த மாடசாமி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. என்னமும் செய்யுங்க, நான் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, அவருக்காகவும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் விடிந்து எட்டு மணி இருக்கும். யாழினியும் அவள் அம்மா பேச்சித்தாயும் உள்ளே வந்தார்கள். பிள்ளை முந்தின நாள் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தது, பள்ளிக்கூடம் போகிற வழியில் எடுத்துப்போக வந்தார்கள். பேச்சித்தாய் நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே டோலக் முழங்கியது. அண்ணாச்சி முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

“வந்துட்டாவ பாத்தீயளா? ஒரு குடும்பம் வந்துட்டு. மத்தவங்களும் வந்துருவாவ. வா தாயி, உக்காரு.”

பேச்சித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. மதினிதான் முழுக்கதையையும் சொன்னாள். ராத்திரி பூராவும் இவர்கள் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே கிடந்தார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நாம் சும்மா கிளம்பினால் இதுகள் இன்னும் எத்தனை நாள் கிடக்குமோ என்று நினைத்தாள். கெட்டிக்காரிதான், யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“நாங்க இங்கதான் இருக்கோம், அண்ணாச்சி. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க.”

இது யாருக்கும் தோன்றவில்லையே என்று நாலு பேரும் அதிசயப்பட்டார்கள். ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்தார்கள், டோலக்கைத் தோளில் மாட்டினார்கள், பேனரைச் சுருட்டினார்கள். வரிசையாக நின்று கைகூப்பி, போயிட்டு வாரோம் தாயி என்று சொல்லிவிட்டு, சொந்தச் செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, வலமும் இடமும் பார்த்து வெளியே போனார்கள். பேச்சித்தாய் பெருமூச்சு விட்டு மகள் கையைப் பிடித்தாள்.

வெளிக் கேட்டுவரை போன நாலு பேரும் அங்கே ஒரு நிமிஷம் நின்றார்கள். அப்புறம் வரிசையாகத் திரும்பி உள்ளே வந்து, பேனரைக் கட்டி, பெட்டியைத் திறந்தார்கள்.

“வந்துட்டோம் தாயி,” என்றார் அண்ணாச்சி.

“பாத்தியாம்மா, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க,” என்று சொல்லிவிட்டு யாழினி முதல் வரிசையில் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூட மணி தூரத்தில் அடித்தது. வெளியே ஒரு பொட்டு மழை இல்லை.

பல் தேய்க்கும் பாட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். மதினி கொண்டுவந்த திருத்தத்தை இந்தத் தடவை நாலு பேருமே மறந்துபோய், ஒரே நேரத்தில் வாயில் பிரஷ்ஷை வைத்தார்கள். காலையிலிருந்து யாரும் இன்னும் பல் தேய்த்திருக்கவில்லை, அதனால் அது ரொம்பச் சௌகரியமாகவும் போயிற்று.