பால் காய்ச்சின வீட்டுச் சுவிட்சு

"அந்த டிரிப் சுவிட்சு சனியன் பிடிச்சது, மாஸ்டர்," என்றார் கொம்பையா.

கொம்பையாவுக்கு ஐம்பது வயது. கொத்து வேலையை விட்டுவிட்டு வயரிங் பழக வந்தவர். வேலை சொல்லிக்கொடுக்கிற இசக்கியம்மா அவரைவிடச் சின்னவர். ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தானே.

இசக்கியம்மா மோட்டார் காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல், ம் என்றார்.

கொம்பையா கொட்டித் தீர்த்தார். முந்தாநாள், இவர் வயரிங் செய்துகொடுத்த வடிவின் புது வீட்டில் பால் காய்ச்சு. சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கிறது. மிக்ஸியைப் போட்டால் பட்டென்று கரண்ட் போகிறது. சுவிட்சைத் தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. நல்ல காரியத்தில் விளக்கு அணையலாமா? அபசகுனம் என்று நாலு பேர் முணுமுணுக்க, வடிவின் மாமியார் முகம் கறுத்துவிட்டது. மானம் போகிறதே என்று இவர், கரண்ட் கசிந்தால் ஆளை அடிக்குமுன் தானாக விழுகிற அந்த டிரிப் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, வயரை நேராக முறுக்கிச் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு தொல்லையும் இல்லையாம்.

"மிக்ஸி பிளக்கு எங்க இருக்கு?"

"தொட்டிக்குப் பக்கத்துல. குழாயிலயிருந்து ஒரு சாண். ஜாரைக் கழுவின கையோட போட வசதின்னு அவங்கதான் கேட்டாங்க."

இசக்கியம்மா காயிலைக் கீழே வைத்தார். சுற்றிய கம்பி சரிந்து குலைந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுக்கச் சொன்னார்.

சாமர்த்தியசாலி என்று மெச்சுவார் என நினைத்திருந்த கொம்பையா, வழியெல்லாம் கண்ணாடியில் மாஸ்டர் முகத்தைப் பார்த்தபடியே ஓட்டினார்.

வடிவு வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. கொம்பையா வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் இசக்கியம்மா மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர் பலகைப் பக்கம் போய்விட்டு அடுப்படிக்கு வந்திருந்தார்.

வடிவு சட்னி அரைக்க ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுவிட்சைத் தொட்டால் கையில் ஏதும் தெரிகிறதா என்று மாஸ்டர் கேட்டார்.

"லேசா சுள்ளுங்கும். நேத்துகூட அடிச்சுது. புது வீடுல்லா, கண்ணேறு கழியுதுன்னு அத்தை சொன்னாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கொம்பையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணாச்சி, கையைக் கழுவுங்க," என்றார் மாஸ்டர்.

கழுவினார்.

"துடைக்காம மிக்ஸியைப் போடுங்க."

கையை நீட்டினார். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. சுவிட்சுப் பெட்டியின் மேலும் முத்து முத்தாகத் தண்ணீர். அவர் வைத்த பெட்டி. அவர் முறுக்கின வயர். கை பாதியில் நின்றுவிட்டது. பயம், வேறென்ன?

"கை போகலையா?"

"போகலை மாஸ்டர்."

நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

அடுப்பில் தாளிதம் கருகத் தொடங்கியது. வடிவுக்குப் பொறுமை போய்விட்டது. "தள்ளுங்க அண்ணாச்சி, நான் போடுதேன்," என்று ஈரக் கையை நீட்டினாள்.

கொம்பையா பாய்ந்தார். எட்டவில்லை. அவள் விரல் சுவிட்சை அழுத்திவிட்டது.

மிக்ஸி ஓடவில்லை.

கரண்ட் போயிட்டுதா என்று வடிவு காற்றாடியை அண்ணாந்து பார்த்தாள். கொம்பையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் அவருக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

இசக்கியம்மா மூடியிருந்த கையை விரித்தார். மீட்டர் பலகையிலிருந்து பிடுங்கி வந்த பியூஸ் கட்டை உள்ளங்கையில் கிடந்தது.

"இன்னைக்கு இது என் கையில இருந்துச்சு, அண்ணாச்சி. நேத்து யார் கையில இருந்துச்சு?"